கோபுரமும் அடகுக்கடையும்

1751 பிப்ரவரியில் லண்டனில் இரண்டு அச்சுப்படங்கள் ஜோடியாக வெளிவந்தன. ஒன்று 'பீர் தெரு', மற்றது 'ஜின் சந்து'. விலை தலா ஒரு ஷில்லிங். சாமானியர்களையும் சென்றடைய வேண்டும் என்பதற்காக விலையைக் குறைத்ததாக விளம்பரம் கொடுத்திருந்தார் ஓவியர் வில்லியம் ஹோகார்த். கூலிக்காரனுக்கு ஒரு ஷில்லிங்கே பெரிய காசு என்பது வேறு விஷயம்.

லண்டனில் ஜின் என்ற சாராயத்தைப் பெருகவிட்டது அரசாங்கம்தான். பிரான்சோடு பகை மூண்டதும் 1689இல் பிரெஞ்சு பிராந்தியைத் தடுத்தார்கள். மறு ஆண்டே உள்நாட்டுச் சாராயம் காய்ச்சுவதற்கு இருந்த கட்டுப்பாடுகளைத் தளர்த்தினார்கள். தேங்கிக் கிடந்த தானியம் விற்றது, நிலக்கிழார்கள் மகிழ்ந்தார்கள். போதை தலைக்கேறிய பிறகு 1736இல் ஒரு சட்டம் வந்தது: சில்லறையாக ஜின் விற்க ஆண்டுக்கு 50 பவுண்டு கட்டி உரிமம் வாங்க வேண்டும். அப்படிக் கட்டியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். கள்ள வியாபாரம் கொழித்தது. 1743இல் சட்டத்தையே கைவிட்டார்கள்.

ஹோகார்த் 1697இல் லண்டன் ஸ்மித்ஃபீல்டில் பிறந்தவர். லத்தீனில் பேசுவோருக்கென்று காப்பிக்கடை நடத்திய அப்பா நொடித்துப்போய், கடனுக்காக ஃப்ளீட் சிறையில் அடைபட்டார். மகன் வெள்ளிப் பாத்திரங்களில் சித்திரம் செதுக்கும் பட்டறையில் தொழில் பழகினார். அடகும் கடனும் ஒரு குடும்பத்தை என்ன செய்யும் என்பது அவருக்குப் பிறர் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

'ஜின் சந்து' முழுக்கக் கற்பனை அல்ல. செயின்ட் கைல்ஸ் பகுதியின் குடிசை நெரிசல் அது. படிக்கட்டில் ஒருத்தி மூக்குப்பொடி எடுத்துக்கொண்டிருக்கிறாள். அவள் குழந்தை கைப்பிடிச் சுவர் தாண்டித் தலைகீழாக விழுகிறது. அடகுக்கடை வாசலில் தச்சன் ரம்பத்தை நீட்டுகிறான், குடும்பப் பெண் சட்டிபானையை நீட்டுகிறாள். பின்னால் ஒரு வீடு சரிகிறது, இன்னொரு வீட்டின் இடிந்த சுவர் வழியே தூக்கில் தொங்குபவன் தெரிகிறான். தொலைவில், கட்டடக் கலைஞர் ஹாக்ஸ்மூர் கட்டிய ப்ளூம்ஸ்பரி செயின்ட் ஜார்ஜ் தேவாலயம். படிப்படியாக ஏறும் அதன் கோபுர உச்சியில் நிற்பது முதலாம் ஜார்ஜ் மன்னரின் சிலை. அருகிலோ அடகுக்கடையின் அடையாளமான மூன்று உருண்டைகள்.

எதிர்ப்படத்தில் கணக்கு தலைகீழ். 'பீர் தெரு'வில் வீடுகள் நிமிர்ந்து நிற்கின்றன. அடகுக்காரன் கட்டடம்தான் பாழடைந்து கிடக்கிறது. எந்தக் கட்டடம் தழைக்கிறது என்பதை வைத்தே யார் பிழைக்கிறார்கள் என்று காட்டிவிட்டார் ஹோகார்த். ஆனால் பீர் குடித்தால் ஊர் செழிக்கும் என்பது கொஞ்சம் வேடிக்கையான வாதம். இங்கிலாந்துப் பானம் என்ற தேசப்பற்றும் அதில் கலந்திருக்கிறது.

பௌ தெரு மாஜிஸ்ட்ரேட்டும் நாவலாசிரியருமான ஹென்றி ஃபீல்டிங், ஹோகார்த்தின் நண்பர். திருட்டுப் பெருக்கம் பற்றி அதே ஆண்டு ஜனவரியில் அவர் எழுதிய நூலும் ஜின்னைத்தான் சாடியது. அந்த ஆண்டே புதிய ஜின் சட்டம் நிறைவேறியது. சாராயம் காய்ச்சுவோர் உரிமமில்லாத கடைகளுக்குச் சரக்குக் கொடுக்கக் கூடாது என்றானது. பின்னர் குடி குறைந்ததற்குப் படமும் சட்டமும் மட்டும் காரணமல்ல. 1757இல் விளைச்சல் பொய்த்தபோது தானியத்தில் சாராயம் காய்ச்சவே தடை வந்தது.

படத்தில் நின்ற தேவாலயத்தை மறக்காதவர் சார்லஸ் டிக்கன்ஸ். ஹோகார்த் குடியை மட்டுமல்ல, அதற்கு இடம்கொடுத்த புறக்கணிப்பையும் வரைந்தார் என்று 1848இல் எழுதினார். அதற்கு முந்தைய ஆண்டுதான் செயின்ட் கைல்ஸ் குடியிருப்பைப் பிளந்துகொண்டு நியூ ஆக்ஸ்ஃபோர்ட் தெரு திறக்கப்பட்டிருந்தது. வீடிழந்தவர்கள் பக்கத்துச் சந்துகளில் போய் இன்னும் நெருக்கியடித்துக் குடியேறினார்கள்.