இரண்டு ஏடுகளும் ஒரு சாட்சியும்

வாசகர்களே! கருங்கல்லில் ஒரு ரப்பர் வியாபாரி இருப்பதாக வைத்துக்கொள்வோம். மார்த்தாண்டத்திலும் அவருக்கு ஒரு கடை உண்டு. தீக்கும் கறையானுக்கும் அஞ்சி, ஒரே கணக்கை இரு கடைகளிலும் இரு ஏடுகளில் எழுதி வருகிறார். ஓரிடத்தில் பதிந்ததை உடனே தொலைபேசியில் மற்ற இடத்துக்குச் சொல்லிவிடுவது வழக்கம். ஒருநாள் மழையில் தொலைபேசித் தொடர்பு அறுந்துவிடுகிறது. அன்று ஒரு விவசாயி கருங்கல் கடையில் தம் பாக்கியைக் கட்டுகிறார். அதை அறியாத அவர் மகன் மார்த்தாண்டத்தில் மேலும் முன்பணம் வாங்குகிறான். மறுநாள் இரு ஏடுகளும் இரு வேறு நிலுவையைக் காட்டுகின்றன. எதை நம்புவது? இரண்டும் நேர்மையாக எழுதப்பட்டவையே. ஆயினும் இரண்டும் குறைபட்டவை.

இதே இக்கட்டுதான் கணிப்பொறிகள் கூட்டமாகச் சேர்ந்து தகவலைக் காக்கும்போதும் எழுகிறது. அதன் வரலாற்றைச் சிறிது பார்ப்போம்.

ஒரு தட்டிலிருந்து ஒரு கூட்டத்திற்கு

1956இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதல் காந்தத் தட்டுச் சேமிப்பகத்தில் 50 தட்டுகள் இருந்தன. அவை கொண்டது 50 லட்சம் எழுத்துகளே. தட்டு பழுதானால் தகவல் போயிற்று. 1988இல் பெர்க்கிலி நகரிலுள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பாட்டர்சன், கிப்சன், காட்ஸ் என்ற மூவர், மலிவான பல தட்டுகளை ஒன்றுசேர்த்து, ஒன்று கெட்டாலும் தகவல் அழியாமல் காக்கும் முறைகளைத் தொகுத்து விளக்கினர். ஆனால் தட்டுகளைத் தாங்கும் கணிப்பொறியே நின்றுவிட்டால்? எனவே படிகளைப் பல சர்வர்களில் பிரித்து வைக்கும் நிலை வந்தது.

இங்கே நம் தமிழ்நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. 2004 ஜூனில் உலகின் அதிவேகக் கணிப்பொறிகளின் பட்டியலில் இரண்டாம் இடம் பெற்றது, அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்திலிருந்த 'தண்டர்'. அது 4,096 செயலிகள் கொண்ட கணிப்பொறிக் கூட்டம். அதை உருவாக்கிய நிறுவனத்தின் தொழில்நுட்பத் தலைவர் ஆனந்த் பாபு பெரியசாமி, நம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பயின்றவர். 2005இல் அவர் பங்கேற்றுத் தொடங்கிய நிறுவனமே 'கிளஸ்டர்' என்னும் சேமிப்பு மென்பொருளை வளர்த்தது. மூலநிரல் எல்லோருக்கும் திறந்திருந்தது. 2011இல் ரெட் ஹாட் நிறுவனம் ஏறத்தாழ 13.6 கோடி டாலருக்கு அதை வாங்கியது.

இதன் புதுமை என்ன? எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று குறித்துவைக்கும் தலைமைக் கணக்கர் இதில் இல்லை! கோப்பின் பெயரை ஒரு சூத்திரத்தில் இட்டால் ஓர் எண் கிடைக்கும். அந்த எண் எந்தச் சர்வரின் எல்லைக்குள் விழுகிறதோ அங்கேதான் கோப்பு. கணக்கர் இல்லாததால், அவர் நோயுற்றால் வேலை நிற்குமே என்ற கவலையும் இல்லை.

பழுதும் மருந்தும்

கோப்பின் இரு படிகளுள் ஒன்று சிறிது நேரம் நின்றுபோனால், மற்றப் படி, 'இன்ன மாற்றம் அதற்கு இன்னும் போய்ச் சேரவில்லை' என்று குறித்துக்கொள்ளும். தொடர்பு திரும்பியதும் குறிப்பைப் பார்த்துக் குறை நிரப்பப்படும். இதைத் தானே குணமாதல் என்பர். ஆனால் இரு படிகளும் ஒன்றையொன்று குறைகூறினால்? மென்பொருள் கோப்பைத் திறக்கவே மறுக்கும். பிழையான தகவலைத் தருவதைவிட மறுப்பதே மேல் அல்லவா? இந்த நிலைக்குப் 'பிளவுபட்ட மூளை' என்று பெயர். பெரிய கோப்பையா, கடைசியாக மாறியதையா, குறிப்பிட்ட சர்வரில் உள்ளதையா, எதை வைத்துக்கொள்வது என்று மனிதர்தான் முடிவு சொல்ல வேண்டும். 'கடைசியாக' என்பதும் இரு சர்வர்களின் கடிகாரங்களும் ஒத்துப்போனால்தான் பொருளுடையது!

இதன் வேர் இயற்பியலில் இருக்கிறது. செய்தி செல்லக் காலம் வேண்டும். வழியில் அது தொலையவும் கூடும். மறுமுனை மௌனமாக இருந்தால், அது இறந்துவிட்டதா, கம்பி அறுந்ததா என்று இம்முனை அறிய வழியில்லை. தொடர்பு அறும்போது, ஒருமித்த உண்மை, எப்போதும் விடை தருதல் ஆகிய இரண்டையும் சேர்த்துப் பெற முடியாது என்று 2000இல் எரிக் புரூவர் கூறினார். 2002இல் கில்பர்ட், லிஞ்ச் இருவரும் அதை நிறுவினர்.

அப்படியானால் மருந்து? மூன்றாவது ஆள். மூவரில் இருவர் சேர்ந்தால்தான் எழுதலாம். தனித்துவிட்டவர் பேனாவை மூடிவைக்க வேண்டும். 2015இல் வந்த கிளஸ்டர் 3.7 பதிப்பு இதைச் சிக்கனமாக்கியது. மூன்றாமவர் முழுக் கோப்பையும் வைத்திருக்க வேண்டியதில்லை. அதன் பெயரையும் மாற்றக் குறிப்புகளையும் வைத்திருந்தால் போதும். ஏடு எழுதாத சாட்சி அவர்.

ரெட் ஹாட் தன் வணிகப் பதிப்புக்கான ஆதரவை 2024 இறுதியோடு முடித்துக்கொண்டது. மென்பொருள்கள் வரும், போகும். ஆனால் நம் மதிப்பெண்ணும் வங்கிக் கணக்கும் நோய்க்குறிப்பும் இன்று இத்தகைய கூட்டங்களில்தான் இருக்கின்றன. 'சற்று நேரம் கழித்து முயலுங்கள்' என்று திரையில் கண்டால் உடனே சினம் கொள்ளாதீர்கள், வாசகர்களே! தனித்துவிட்ட ஒரு சர்வர், தனக்குத் தெரியாததைத் தெரியும் என்று சொல்ல மறுத்துக்கொண்டிருக்கலாம்.