உருகும் கடிகாரமும் மயிலாப்பூர் லட்சுமியும்

கல்லூரி நாட்களில் ஒருமுறை, மயிலாப்பூர் வீட்டுக் கூடத்தில் சால்வடார் டாலியின் ஓவியப் புத்தகத்தை விரித்து வைத்திருந்தேன். உருகி வழியும் கடிகாரங்கள். பாட்டி திடுக்கிடுவாள் என்று எதிர்பார்த்தேன். மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தவள், "என்னமா வழவழன்னு போட்டிருக்கான்! தொட்டா கையில ஒட்டிக்கும் போலிருக்கே" என்றாள். அவ்வளவுதான், உள்ளே போய்விட்டாள்.

விஷயத்தைச் சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள் என்று புரிய எனக்கு இருபது வருஷம் ஆனது. 1931இல் வரைந்த அந்த ஓவியம் 24க்கு 33 சென்டிமீட்டர்தான். ஆளிவிதை எண்ணெயில் குழைத்த வண்ணம் மெதுவாகக் காயும். அதனால் தூரிகைத் தடமே தெரியாமல் வெளிச்சத்தை நிழலோடு இழைக்கலாம். வெர்மீர் காலத்துக் கைப்பழக்கம் அது. டாலி, மாக்ரித் போன்ற சர்ரியலிஸ்டுகள் அதைத் தூக்கி எறியவில்லை. நடக்கவே முடியாத ஒன்றைக் கண்ணெதிரே நடப்பதாக நம்பவைக்க அதுதான் அவர்களுக்கு வேண்டியிருந்தது.

சரி, பாட்டி ஏன் அசரவில்லை? அவள் தலைக்குமேல் சுவரில் ரவிவர்மாவின் லட்சுமி. நான்கு கைகளோடு தாமரைமேல் நிற்கிறாள், பூ கசங்கவில்லை. ஆனால் புடவை மடிப்பும் தோலின் மினுமினுப்பும் அச்சு அசல். எண்ணெய் ஓவியமாக வரைந்து, 1894இல் பம்பாயில் தொடங்கிய அச்சகம் வழியாக வீடுவீடாகப் போன படங்களில் ஒன்று. சர்ரியலிஸ்டுகள் தங்கள் முதல் அறிக்கையை வெளியிட்ட 1924க்குள், அதே வித்தை இங்கே பூஜையறை வழக்கமாகியிருந்தது.

அப்படியானால் சென்னையில் வழக்கத்தை மீற நினைக்கும் ஓவியன் என்ன செய்வது? எழும்பூர் ஓவியக் கல்லூரி முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர் சர்ரியலிஸ்ட் இல்லை. ஆனால் 1960களில் அவர் தொடங்கிய 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையை இந்தக் கேள்விக்கான பதிலாகவே பார்க்கிறேன். வண்ணம் அதே எண்ணெய் வண்ணம்தான். நிழலையும் ஆழத்தையும் விட்டுவிட்டார். ஜாதகக் கட்டங்கள், கணக்குக் குறிகள், எந்த மொழியிலும் வாசிக்க முடியாத எழுத்து வரிகள்.

1966இல் அவரும் மாணவர்களும் ஈஞ்சம்பாக்கத்தில் உருவாக்கியது சோழமண்டலம் ஓவியர் கிராமம். அடையாறிலிருந்து பஸ் பிடித்து அங்கே போயிருந்தேன். பணிக்கரின் எழுத்து வரிகளை வாசிக்கப் பார்த்துத் தோற்று நின்றபோது பாட்டி ஞாபகம் வந்தது. பேரன் பேத்திகள் எல்லோர் ஜாதகத்தையும் ஒரு நோட்டில் ஒட்டி, பீரோவில் பத்திரமாக வைத்திருந்தவள். உருகிய கடிகாரம் அவளை ஒன்றும் செய்யவில்லை. ஆனால் படிக்க முடியாத இந்த ஜாதகத்தைப் பார்த்திருந்தால், "யாரோடதுடா இது?" என்று கலங்கிப்போய்க் கேட்டிருப்பாள்.