ஒருமுக வில்லன்

நாயகனின் முகத்தோடும் அவனுக்கு நேரெதிரான குணத்தோடும் வரும் எதிர்நாயகன். தமிழ்த் திரையில் இது இரட்டை வேடத்தின் ஒரு கிளை. இதை நிலைநாட்டியவர் புதுக்கோட்டைக்காரரான பி. யு. சின்னப்பா (1916–1951).

நாயகனையே கெட்டவனாகப் பார்க்கும் ஆசைக்கு அமெரிக்கச் சித்திரக்கதைக்காரர்கள் வேறு வழி பார்த்தார்கள். 1964இல் 'ஜஸ்டிஸ் லீக் ஆஃப் அமெரிக்கா' இதழில் 'மூன்றாம் பூமி' என்ற மாற்று உலகம் வந்தது. அங்கே சூப்பர்மேன் இருக்க வேண்டிய இடத்தில் அல்ட்ராமேன் என்ற கயவன் இருக்கிறான். பின்னாளில் அதே பூமிக்கு, சூப்பர்மேனின் எதிரியான லெக்ஸ் லூதரை நல்லவனாகவும் கொண்டுவந்தார்கள். தமிழ்ப் படத்துக்கு இரண்டாவது பூமி தேவைப்படவில்லை. அரண்மனையில் இரட்டைப் பிரசவம் நடந்து, ஒரு குழந்தை கைமாறினாலே கதை ஓடிவிடும்.

வகைகள்

பிரிந்து வளர்ந்த இரட்டையர் கதைகளே மிகுதி. உருவம் ஒன்று, வளர்ப்பு வேறு. கெட்டவன் பெரும்பாலும் மாளிகையிலும் நல்லவன் குடிசையிலும் வளர்வான். உறவே இல்லாத உருவ ஒற்றுமை அடுத்த வகை. எம்.ஜி.ஆரின் 'நாடோடி மன்னன்' (1958) இதில் சேரும். ஆனால் அதில் மன்னன் தீயவன் அல்லன், சூழ்ச்சி அறியாதவன். ஆகவே அதை இக்கட்டுரை கணக்கில் எடுக்கவில்லை. மனிதனும் அவன் உருவில் அவனே செய்த இயந்திரமும் மோதுவது மூன்றாவது. 'எந்திரன்' (2010) சிட்டி இதற்குச் சான்று.

உத்தமபுத்திரன் (1940)

சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் தயாரிப்பு, இயக்கம் டி. ஆர். சுந்தரம். அலெக்சாந்தர் துய்மாவின் இரும்பு முகமூடிக் கதையைத் தழுவியது. முந்தைய ஆண்டுதான் ஹாலிவுட்டில் அதே கதை படமாகியிருந்தது. தமிழின் முதல் இரட்டை வேடப் படம் இதுவே. கொடுங்கோல் மன்னனும் சின்னப்பாதான், அவனுக்கு எதிராகக் கிளம்பும் உடன்பிறப்பும் சின்னப்பாதான். கதாநாயகி எம். வி. ராஜம்மா.

கணினி இல்லாத அக்காலத்தில் இரட்டை வேடக் காட்சிகளைக் கேமராவுக்குள்ளேயே முடித்தார்கள். கேமராவை அசையாமல் இறுக்கி நிறுத்தி, லென்சின் பாதியை மறைத்து ஒரு பக்கத்தை எடுப்பார்கள். பிறகு பிலிமைப் பின்னோக்கிச் சுற்றி, மறுபாதியை மறைத்து, உடை மாற்றி வந்த அதே நடிகரை மறுபக்கத்தில் நிறுத்துவார்கள். நடுக்கோட்டைத் தாண்டிக் கை நீண்டால் விரல்கள் திரையில் அறுந்து நிற்கும். எதிரே ஆளே இல்லாமல், பதில் வசனம் எத்தனை நொடி பிடிக்கும் என்று மனத்துக்குள் கணக்குப் போட்டு நடிகர் பார்வையைத் திருப்ப வேண்டும். முதுகு மட்டும் தெரியும் இடங்களுக்கு டூப் உண்டு.

பாய்ஸ் கம்பெனி நாடகங்களில் தேறியவருக்கு இது பெரிய சிரமமாக இருந்திருக்காது. சின்னப்பாவின் தந்தை உலகநாத பிள்ளையும் நாடக நடிகர். மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் பாட்டும் வசனமுமாக வளர்ந்த சின்னப்பா, சிலம்பமும் கற்றவர். 'ஜகதலப்பிரதாபன்' (1944) படத்தில் பாடகராகவும் பக்கவாத்தியக்காரர்களாகவும் ஒரே மேடையில் ஐந்து சின்னப்பாக்கள் அமர்ந்தார்கள். 'மங்கையர்க்கரசி'யில் (1949) மூன்று வேடம். சம்பாதித்ததை எல்லாம் ஊரில் வீடுகளாக வாங்கிக் குவித்தாராம். இனி வாங்கக்கூடாது என்று சமஸ்தானமே தடுத்ததாகப் புதுக்கோட்டையில் இன்றும் கதை உண்டு. 35 வயதில் இறந்தார்.

1958 மறுஆக்கம்

எம்.ஜி.ஆரும் இதே தலைப்பை அறிவித்துப் பின் விட்டுக்கொடுக்க, சிவாஜி கணேசன் நடிப்பில் டி. பிரகாஷ் ராவ் இயக்கிய 'உத்தமபுத்திரன்' வெளிவந்தது. பார்த்திபன் நல்லவன், விக்கிரமன் கெட்டவன். படம் பார்த்தவர்கள் நினைவில் நிற்பவன் விக்கிரமன்தான்: அலட்சியமான நடை, ஓரக்கண் பார்வை, வலிக்காமல் குத்தும் பேச்சு. நல்லவனுக்குப் போர்க்கள வீரமும் தாய்ப்பாசமும் கிடைத்தன. நடிப்பதற்கான இடமெல்லாம் கெட்டவனுக்குப் போயிற்று. நாயக நடிகர்கள் பின்னாளில் வில்லன் வேடத்தையும் தாமே விரும்பி ஏற்றதற்கு இதைவிடத் தெளிவான காரணம் வேண்டியதில்லை. எனினும் பாடி நடித்த சின்னப்பாவே இவ்வகையின் மூலவர்.

பிற்காலம்

'வாலி' (1999), 'ஆளவந்தான்' (2001), '24' (2016) முதலிய படங்களில் இவ்வகை தொடர்கிறது. இப்போது கிராபிக்ஸ் உதவியால் இருவரும் கட்டிப் புரண்டே சண்டை போடுகிறார்கள்.