அளவு சேராத வளையல்

அப்பாவுக்குக் கணக்கெல்லாம் மனசுக்குள். எந்த வீட்டு அட்டிகைக்கு எத்தனை குன்றிமணி செம்பு சேர்த்தார் என்று இருபது வருஷம் கழித்துக் கேட்டாலும் சொல்வார். எங்கள் தெருவில் எந்த ஆசாரியும் எழுதி வைத்ததில்லை. யார் நகை எங்கே உருகியது என்று வெளியே கசிந்தால் அந்தப் பட்டறைக்கு அப்புறம் யார் வருவார்கள்?

சீனப் போர் முடிந்த கையோடு, 1963 ஜனவரியில், நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய் தங்கக் கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தார். கடத்தலை ஒடுக்கி அந்நியச் செலாவணியைக் காப்பாற்றுவது நோக்கம். 14 காரட்டுக்கு மேல் புது நகை செய்யக்கூடாது. அந்த மட்டத்தில் தாலி கேட்டு எவர் வருவார்? குமுட்டிகள் அணைந்தன. நாட்டில் பல இடங்களில் பொற்கொல்லர்கள் தற்கொலை செய்துகொண்டார்கள். 1966இல் காரட் வரம்பு போனது, கட்டுப்பாடு போகவில்லை. 1968இல் தனிச் சட்டமே ஆகி, 1990 வரை இருந்தது.

பேசுகிறவர்கள் இன்றும் காரட்டைத்தான் பேசுகிறார்கள். எனக்கு ஞாபகம் இருப்பது ரிஜிஸ்டர். வந்த தங்கம், போன நகை, எடை, கொடுத்தவர் பெயர், விலாசம் எல்லாம் அதில் ஏற வேண்டும். அதிகாரி பட்டறைக்குள் நுழைந்து தேடலாம், கணக்கைப் பார்க்கலாம், மாதிரி எடுக்கலாம், சந்தேகப்பட்டதைக் கைப்பற்றலாம். தராசைவிட அந்த ரிஜிஸ்டரைத்தான் அப்பா அதிகம் துடைத்து வைத்தார்.

எனக்குப் பத்து வயதிருக்கும். இரண்டு பேர் வந்தார்கள். அரப்பொடியைக்கூடக் காகிதத்தில் கொட்டி நிறுத்தார்கள். கிராமில் அவர்கள் சொல்ல, அப்பா மனசுக்குள் குன்றிமணியாக மாற்றிக்கொண்டிருந்தது உதட்டசைவில் தெரிந்தது. பிறகு மரப்பெட்டிக்குள் துணி முடிச்சு ஒன்று அகப்பட்டது. உள்ளே ஒரு ஜோடி வளையல்.

"இது யாருது ஆசாரி? புஸ்தகத்துல இல்லையே."

அது அடுத்த தெரு அம்மாளுடையது. வீட்டுக்காரருக்குத் தெரியாமல், மகளுக்குத் தோடு செய்யக் கொடுத்தது. பெயரை எழுதினால் அந்த வீட்டில் அன்றைக்கே ரகளை.

"எங்க வீட்டுல போட்டுக்கறது சார்."

அப்பா யோசித்துச் சொன்ன பொய்தான். வீட்டில் போட்டுக்கொள்ளும் நகை ரிஜிஸ்டரில் சேராது. ஒரு குடும்பத்தின் நகை 4000 கிராமைத் தாண்டினால்தான் டிக்ளரேஷன் கொடுக்க வேண்டும். எங்கள் வீட்டில் ஏது நாலு கிலோ!

"அப்ப அம்மாவைப் போட்டுக் காட்டச் சொல்லுங்க."

அந்த அம்மாளுக்குக் கை சின்னது. அம்மா கொல்லைக்குப் போய், சோப்பு நுரை காயாத மணிக்கட்டோடு திரும்பி வந்து நின்றாள். அதிகாரி நுரையைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். ஒரு வாக்குமூலம் எழுதி அப்பாவிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு எழுந்தார்.

ராத்திரி வரை வளையல் கழலவில்லை. எப்படியும் உருக்கப்போவதுதானே என்று அப்பா கத்தரியால் நறுக்கி எடுத்தார். விழுந்த துணுக்கை ரொம்ப நேரம் விளக்கு வைத்துத் தேடினார்.