அச்சாரத்துக்கும் கிரயத்துக்கும் நடுவே

புதுச்சேரி முத்தியால்பேட்டையிலிருந்து வடக்கே நடப்பவர், தெரு அறுபடாமலே கோட்டக்குப்பத்துக்குள் வந்துவிடுவார். கடைப்பலகைகளில் முகவரியைப் படித்தாலொழிய, ஒன்றியப் பிரதேசம் முடிந்து விழுப்புரம் மாவட்டத்து வானூர் வட்டம் தொடங்கிவிட்டது தெரியாது. பேச்சு ஒன்றுதான்; கொள்வினை கொடுப்பினையும் எல்லை பார்ப்பதில்லை. எனினும் எண்பது ஆண்டுகளுக்கு மேலாக, ஒரே கேள்விக்கு இத்தெருவின் இரு முனைகளிலும் இரு வேறு விடைகள் இருந்தன. 'இந்த விலைக்குத் தருகிறேன்' என்று வீட்டுக்காரர் இசைந்த பிறகு, அந்த வீடு யாருடையது?

தெற்கு முனையின் விடை பிரெஞ்சுக்காரர்களுடையது. 1804இல் நெப்போலியன் காலத்தில் உருவான குடிமைச் சட்டத் தொகுப்பின் 1583ஆம் பிரிவு, பொருளும் விலையும் இன்னவை என இருவரும் உடன்பட்ட கணமே விற்பனை நிறைவுற்றது என்கிறது. பணம் கைமாறியிராவிட்டாலும், சாவி கொடுபடாவிட்டாலும் அப்படித்தான். 1819 ஜனவரி 6ஆம் நாள் ஆணை இத்தொகுப்பைப் புதுச்சேரிக்குக் கொண்டு வந்தது. உள்ளூர் மக்களின் சாதி, மத வழக்கங்கள் தொடரும் என்று சொன்னதும் அதே ஆணைதான். ஆனால் அவ்வழக்கங்கள் முதன்மையாகக் குடும்பத்தையும் வாரிசுரிமையையும் சார்ந்தவை.

வடக்கு முனையில் ஆங்கிலேயரின் 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றச் சட்டம். அதன் 54ஆம் பிரிவு, விற்பதாகச் செய்துகொண்ட உடன்படிக்கை மட்டும் அச்சொத்தில் எவ்வித உரிமையையும் உண்டாக்காது என்று திட்டவட்டமாகக் கூறுகிறது. நூறு ரூபாயும் அதற்கு மேலும் பெறுமானமுள்ள வீடானால், பதிவு செய்த பத்திரம் வேண்டும். அதுவரை வாங்குபவர் கையில் இருப்பது வழக்காடும் உரிமை ஒன்றே. ஒருபுறம் சொல்லே விற்பனை. மறுபுறம் சொல் வெறும் சொல். இரண்டுக்கும் நடுவே சில நூறு அடி தூரம்.

நம் பழைய வழக்கம் எந்தப் பக்கம் சாயும்? சோழர் கால விலையாவணங்களைப் படித்தவர்கள் 'ஆவணக்களி' என்ற சொல்லைக் கண்டிருப்பார்கள். விலையை அங்கே எண்ணிப் பெற்றுக்கொண்டதாகவும், இதுவே முடிவான விலை, இதற்குமேல் வேறு ஓலை காட்ட வேண்டியதில்லை என்றும் எழுதிக்கொடுப்பார்கள். இசைவு, பணம், ஓலை மூன்றையும் ஒரே அமர்வில் முடித்துவிடும் முனைப்பு அவ்வாசகங்களில் தெரிகிறது. இடைவெளியே ஆபத்து என்பதை அந்த எழுத்தர்கள் நன்கு அறிந்திருந்தார்கள் என்றே நமக்குத் தோன்றுகிறது.

அந்த இடைவெளியை நிரப்ப வந்ததே அச்சாரம். பிரெஞ்சுத் தொகுப்பின் 1590ஆம் பிரிவில் அதற்கு 'அர்' என்று பெயர். கொடுத்தவர் பின்வாங்கினால் தொகையை இழப்பார். வாங்கியவர் பின்வாங்கினால் இரு மடங்காகத் திருப்பித் தருவார். இச்சொல் செமித்திய மொழியிலிருந்து கிரேக்கம், இலத்தீன் வழியாகப் பிரெஞ்சுக்குப் போனது. அரபியில் இதன் உறவுச் சொல் 'உர்பூன்'. இசுலாமியச் சட்ட மரபுகளில் ஹன்பலி அறிஞர்கள் உர்பூனை அனுமதிக்க, ஹனஃபி, மாலிகி, ஷாஃபிஈ அறிஞர்களில் பெரும்பாலோர் மறுத்தனர். விற்பனை நடவாமலே ஒருவர் பணத்தை மற்றவர் எடுத்துக்கொள்வது முறையன்று என்பது அவர்கள் வாதம். முசுலிம்கள் பெருவாரியாக வாழும் கோட்டக்குப்பத்தில், ஆக, ஒரு முன்பணத்தை மூன்று நீதிகள் சூழ்ந்து நின்றன எனலாம்.

இடைவெளி எவ்வளவு நீளக்கூடும் என்பதற்குத் தில்லியில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. இலக்கிய வாசகர்களுக்கு அதில் தனி ஆர்வமும் இருக்கும். சல்மான் ருஷ்தியின் தந்தை அனிஸ் அகமது ருஷ்தி, 1970 டிசம்பரில் தம் வீட்டை 3,75,000 ரூபாய்க்கு விற்க ஒப்பந்தம் செய்து, 50,000 ரூபாய் முன்பணம் பெற்றார். வருமான வரிச் சான்று வந்தபின் கிரயம் என்பது பேச்சு. கிரயம் நடக்கவில்லை, வழக்கு நடந்தது. உச்ச நீதிமன்றம் 2012இல்தான் தீர்ப்பளித்தது. வீட்டை எழுதிக் கொடுக்கத்தான் வேண்டும், ஆனால் 1970இன் விலைக்கல்ல, தீர்ப்பு நாளின் சந்தை விலைக்கு என்பது அதன் முடிவு. அதற்குள் விற்றவரும் காலமாகிவிட்டார். சொல்லைக் காப்பாற்றிய நீதி, விலையைக் காப்பாற்றவில்லை. இது சரியா என்று கேட்டால், நாற்பதாண்டில் பணம் அடைந்த தேய்வை எண்ணிச் சரி என்போம். ஆனால் வாங்கியவர் பக்கத்து மனத்தாங்கலும் நியாயமானதே.

புதுச்சேரியில் இந்தியச் சட்டங்கள் 1968ஆம் ஆண்டு நீட்டிப்புச் சட்டத்தால் வந்துசேர்ந்தன. தெருவின் இரு முனைகளும் ஒரே விடைக்கு வந்தன. தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் 1 முதல் கிரய ஒப்பந்தத்தையே பதிவு செய்தாக வேண்டும். நெடுங்காலமாகப் பேச்சிலும் பத்து ரூபாய் முத்திரைத்தாளிலும் கிடந்த விஷயம் இப்படி வில்லங்கச் சான்றில் ஏறியது.

ஆயினும் விலை பேசி முடித்த பின்னான நாட்கள் குறைந்துவிடவில்லை. மூலப்பத்திரம் தேட வேண்டும். வில்லங்கம் போட்டுப் பார்க்க வேண்டும். கிரயமான பின் பட்டா மாற்ற வேண்டும். கோட்டக்குப்பம் போன்ற ஊர்களில் எல்லாவற்றையும்விட நீள்வது கையெழுத்துகள்தாம். தந்தை இறந்த நொடியே மனைவிக்கும் மகன்களுக்கும் மகள்களுக்கும் பங்கு பிரிந்துவிடுகிறது. ஒரு பங்காளி பாரிசிலும் இன்னொருவர் வளைகுடாவிலும் இருப்பார். வீட்டை விற்க மூத்தவர் தலையசைத்திருப்பார். கடைசித் தங்கையின் அதிகாரப் பத்திரம் தூதரக முத்திரையோடு வந்து சேரும்வரை, வாங்குபவர் அந்த வாசலைப் பார்த்தபடிதான் கடந்து போக வேண்டும்.