கடிவாளம் கழற்றிய மொபிலெத்

1949-இல் பிரான்சின் மோட்டோபெகான் கம்பெனி 'மொபிலெத்' என்ற சிறு மோட்டார் வண்டியை வெளியிட்டது. திருப்பதியில் தயாராகி நம் தெருக்களில் ஓடிய சுவேகா அதன் வழிவந்ததுதான். நம் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

50 சி.சி.க்கு மிகாத இவ்வகை வண்டிகளைப் பிரான்சில் 14 வயதுப் பையன்களும் ஓட்டலாம். அதனால் வேகத்துக்குச் சட்டம் வரம்பு வைத்தது. வண்டியும் அந்த வரம்புக்குள் அடங்கும்படியே அமைந்திருந்தது. பையன்கள் விடுவார்களா? அரத்தால் சிலிண்டரின் துவாரங்களைப் பெரிதாக்கினார்கள். பெரிய கார்புரேட்டரும் வேறு சைலன்சரும் பூட்டினார்கள். பிரெஞ்சில் இதற்கு 'தெப்ரிதே' என்று பெயர். குதிரையின் கடிவாளத்தைக் கழற்றுவது என்பதே அச்சொல்லின் நேர்ப்பொருள்.

டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் அந்தத் துவாரங்களைத் திறந்து மூடுவது பிஸ்டன்தான். ஆகவே துவாரம் சற்றே உயர்ந்தாலும் எஞ்சினின் குணம் மாறிவிடும். ஓட்டத்தில் வேகம் கூடும். மெதுவாகப் போகையில் இழுவை குறையும். பெட்ரோலோடு கலந்து வரும் ஆயில்தான் பிஸ்டனுக்குக் காப்பு. காற்று கூடி பெட்ரோல் கூடாவிட்டால், சூடேறி பிஸ்டன் சிலிண்டரில் பிடித்துக்கொள்ளும்.

எஞ்சின் கெட்டால் மாற்றிக்கொள்ளலாம். பிரேக்கோ பழைய வேகத்துக்குச் செய்தது. வேகம் இரண்டு மடங்கானால், பிரேக் பிடித்த பின் வண்டி ஓடி நிற்கும் தூரம் நான்கு மடங்காகும். பிரான்சில் தாய்மார்கள் பயந்தது இதற்குத்தான்.

இன்று உங்கள் பேரன் சைலன்சரை மாற்றப் பணம் கேட்டால், முதலில் பிரேக்கைச் சரிபார்த்து வரச் சொல்லுங்கள்.