டேபிள்: பேச வைத்த சொல், வாயடைத்த சொல்

ஆங்கிலத்தில் 'டேபிள்' என்றால் மேசை. எல்.கே.ஜி. குழந்தைக்கும் இது தெரியும். ஆனால் இந்தச் சாதாரணச் சொல் ஒரு காலத்தில் லட்சக்கணக்கான அடிமைகளுக்காக எழுந்த குரலை அமுக்கப் பயன்பட்டது. பிறகு ஒரு உலகப் போரின் நடுவே நட்பு நாடுகளின் தளபதிகளையே மோத விட்டது.

முதலில் சொல்லின் பிறப்பைப் பார்ப்போம். லத்தீனில் 'டாபுலா' என்றால் பலகை. கி.மு. 450 வாக்கில் ரோமானியர்கள் தங்கள் சட்டங்களை எழுதிப் பொது இடத்தில் வைத்தார்கள். அந்தச் சட்டத்துக்குப் பெயரே 'பன்னிரண்டு பலகைகள்'தான். பலகைக்குக் கால் முளைத்தபோது மேசை ஆயிற்று. பலகையில் எழுதிய வரிசை, அட்டவணை ஆயிற்று. பள்ளியில் ஒப்பிக்கும் வாய்ப்பாடும் டேபிள்தான், 1869ல் மெண்டலீவ் வெளியிட்ட தனிம அட்டவணையும் டேபிள்தான். நிலத்தடி நீர்மட்டம் 'வாட்டர் டேபிள்'. கேப் டவுனில் உச்சி தட்டையாக இருக்கும் மலை 'டேபிள் மவுண்டன்'. (தமிழில் வழங்கும் 'மேசை' இந்தக் குடும்பம் அல்ல. அது போர்த்துக்கீசிய 'மேசா'விலிருந்து வந்தது.)

இதுவரை குழப்பம் இல்லை. டேபிள் வினைச்சொல்லாக மாறும்போதுதான் வில்லங்கம்!

பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் ஒரு தீர்மானத்தை 'டேபிள்' செய்தால், அதை அவையின் முன் வைத்துவிட்டார்கள், இனி விவாதிக்கலாம் என்று பொருள். அமெரிக்காவில் நேர் எதிர். 'இப்போதைக்கு மேசையில் கிடக்கட்டும்' என்று ஒத்தி வைப்பதில் தொடங்கிய வழக்கம், நாளடைவில் 'கிடப்பில் போடு' என்றே ஆகிவிட்டது.

அந்தக் கிடப்பில் போடுதலின் உச்சம் 1836ல் நடந்தது. அடிமை முறையை ஒழிக்கக் கோரி அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு மனுக்கள் குவிந்துகொண்டிருந்த காலம் அது. 1840 கணக்கெடுப்பின்படி அங்கே அடிமைகள் சுமார் 25 லட்சம் பேர். 1836 மே 26 அன்று பிரதிநிதிகள் சபை ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. அடிமை முறை தொடர்பான எந்த மனுவும் அச்சிடப்படாது, குழுவுக்கு அனுப்பப்படாது. மேசையில் வைக்கப்படும், அத்தோடு சரி! மனு கொடுத்தவர்கள் வாயே திறக்க முடியாததால் இதற்கு 'வாய்ப்பூட்டு விதி' என்று பெயர் வந்தது.

எதிர்த்து நின்றவர் ஜான் குவின்சி ஆடம்ஸ். ஜனாதிபதி பதவியிலிருந்து விலகியபின், சாதாரண உறுப்பினராகச் சபைக்கு வந்தவர். மனு கொடுப்பது அரசியல் சட்டம் தந்த உரிமை என்று வாதிட்டு, ஆண்டுதோறும் மனுக்களைக் கொண்டுவந்துகொண்டே இருந்தார். சபையில் அவரைக் கண்டிக்க முயன்றும் அவர் ஓயவில்லை. 1844 டிசம்பர் 3 அன்று விதி நீக்கப்பட்டது. எட்டு ஆண்டுப் போராட்டம்! அடிமை முறை ஒழிய மேலும் 21 ஆண்டுகள் ஆயின என்பது வேறு கதை.

அடுத்த மோதல் 1941 டிசம்பரில். பேர்ல் துறைமுகத் தாக்குதல் நடந்து இரண்டே வாரத்தில் சர்ச்சில் தன் படைத்தலைவர்களுடன் வாஷிங்டன் போனார். பிரிட்டிஷார் ஒரு அவசர அறிக்கையை 'டேபிள்' செய்ய வேண்டும் என்றார்கள். அமெரிக்கர்களோ 'கூடவே கூடாது, இது முக்கியமானது' என்றார்கள். காரசாரமாக வாதம் நீண்ட பிறகுதான் தெரிந்தது, இரு தரப்பும் கேட்டது ஒன்றையே என்று! சர்ச்சிலே இதைத் தன் போர் வரலாற்றின் மூன்றாம் தொகுதியில் பதிவு செய்திருக்கிறார்.

இந்திய நாடாளுமன்றம் பின்பற்றுவது பிரிட்டிஷ் வழக்கத்தை. இங்கே மேசையில் வைத்தால் தமிழ்ப் பத்திரிகைகள் 'தாக்கல்' என்று எழுதுகின்றன. ஆகவே அடுத்த முறை ஆங்கிலச் செய்தியில் ஒரு மசோதா 'டேபிள்' செய்யப்பட்டது என்று படித்தால், அகராதியைப் புரட்டுவதற்கு முன் செய்தி எந்த ஊரிலிருந்து வந்தது என்று பாருங்கள். டில்லி என்றால் மசோதா பிறந்திருக்கிறது. வாஷிங்டன் என்றால் அநேகமாக அதற்குக் காரியம் முடிந்துவிட்டது!